மூக்கண்ணன்

குழாயில் எரிவாயு தரும் நிறுவனத்தில் கசிவு பார்க்கும் வேலை அவருக்கு. கையில் கருவி இருந்தாலும், வீட்டுக்குள் நுழைந்ததுமே மூக்கை உயர்த்தி, "அடுப்புக்குப் பின்னால, இடது பக்கம்" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மூக்கண்ணன். ஐம்பத்தெட்டு வயதிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஒன்றும் கிடையாது. மூன்று மாடியைத் துள்ளி ஏறுவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வெளியே போயிருந்த மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க, வீடே கேஸ் நாத்தம்! உங்களுக்குத் தெரியலையா?"

பால் பொங்கித் தீ அணைந்திருந்தது. வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பூண்டு, காபித்தூள், சோப்பு என்று ஒவ்வொன்றாக முகர்ந்தார். எல்லாமே வெறும் காற்று.

நரம்பு டாக்டர் சோதித்துப் பார்த்தார். "மூக்குல நரம்பு செல்லு புதுசு புதுசா முளைச்சுக்கிட்டே இருக்கும். வயசானா எல்லாருக்குமே அது குறையும். ஆனா உங்களுக்குச் சுத்தமாவே போயிருக்கு." கொஞ்சம் தயங்கி, "தூக்கத்துல கை காலை வீசுவீங்களா?" என்றார்.

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "கனவுல யாரையோ உதைப்பாரு டாக்டர். விழறது எனக்கு."

"மலச்சிக்கல்?"

"அது பத்து வருஷமா இருக்கு" என்றார் அவர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மூன்றும் சேர்ந்தால் சிலருக்குப் பின்னாளில் நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோய் வரக்கூடும். மூளையில் ஒரு புரதம் தாறுமாறாகத் திரள்வது, கை நடுங்குவதற்கும் நடையில் கைவீச்சு குறைவதற்கும் பல வருடம் முன்பே ஆரம்பித்துவிடும். வராமலும் போகலாம் என்றார்.

"அப்ப இப்பவே மாத்திரை குடுத்துத் தடுத்துடுங்க."

"தடுக்குற மருந்து இன்னும் வரலைங்க. நல்லா நடங்க, உடற்பயிற்சி பண்ணுங்க."

"அதைத்தானே டாக்டர் முப்பது வருஷமா பண்றேன்!"

அலுவலகத்தில் அவரே உண்மையைச் சொன்னார். புகார் தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். "என்ன வாடை வருதுங்க? லேசாவா, பலமாவா?" என்று அடுத்தவர் மூக்கை நம்பிக் குறிப்பெழுதினார். தினமும் காலையில் இரு கைகளையும் நீட்டி விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு வருடம் அவை ஆடவில்லை.

ஒருநாள் மாலை நடைப்பயிற்சியில் பின்னால் வந்த மனைவிதான் கவனித்தாள். வலது கை வீசி நடந்தது. இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. அவள் வேகமாகப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, புதுசா கையெல்லாம் பிடிக்கிற?"

"சும்மாதான்."

மறுநாள் டாக்டருக்கு அவளே போன் செய்தாள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.