அடியில் ஓட்டை விழுந்த பிரட்

மரியஅந்தோணி தன் கையால் செய்ததாகச் சொல்லிக்கொண்ட முதல் பொருள் பிரட். அதற்கு முன் அவர் எதையும் செய்ததில்லை. வெலிங்டனில் ராணுவ ஸ்டோரில் சிவிலியன் கிளார்க்காக இருந்து, மற்றவர்கள் செய்து அனுப்பியதைப் பார்த்துக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர். போர்வையில் நூல் பிரிந்திருக்கிறது, பக்கெட்டில் கைப்பிடி ஆடுகிறது. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கண் குன்னூர் வீட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பியது. மனைவி பியாட்ரிஸ் பெங்களூரில் இருக்கும் மகள் ஷைனாவுக்குப் போன் போட்டார்.

"உங்கப்பாவுக்கு ஏதாவது ஒரு வேலை குடும்மா."

வந்து இறங்கியது ஒரு பிரட் மெஷின்.

மாவு, ஈஸ்ட், தண்ணீர், உப்பு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் போட்டுப் பொத்தானை அழுத்தினால் அதுவே பிசைந்து, பொங்க விட்டு, சுட்டுத் தந்துவிடும். அளந்து போடுவது பியாட்ரிஸ். பொத்தானை அழுத்துவது மரியஅந்தோணி. பிறகு எதிரே நாற்காலி போட்டு, முடியும்வரை கண்ணாடி மூடி வழியாக அதை மேற்பார்வை செய்வதும் அவரே.

இறக்கிய பிரட்டின் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. மாவைப் பிசையும் துடுப்பு நின்ற இடம் அது. ஸ்டோரில் என்றால் அந்த ஓட்டைக்காக மொத்தச் சரக்கையும் திருப்பியிருப்பார். இப்போது அக்கம்பக்கத்தாருக்கு முதலில் அதைத்தான் காட்டினார்.

"இதாங்க அடையாளம். கடை பிரட்டுல இது இருக்காது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சாயங்காலம், கூட்டம் நெரியும் நேரத்தில், எதிர்வீட்டுக் கருப்புசாமியின் பேக்கரிக்கு, டீயில் தோய்த்துச் சாப்பிட மொறுமொறு வர்க்கி வாங்கப் போனார்.

"ஏனுங்க சார், பிரட்டுக்கு ஆளையே காணோமே?" என்றார் கருப்புசாமி.

"ஊட்லயே செய்யறனுங்க. கடை பிரட்டெல்லாம் மருந்துங்க. இனிமே கையில தொட மாட்டேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கருப்புசாமி வர்க்கியை நிதானமாகப் பொட்டலம் கட்டினார்.

"வர்க்கியில மருந்து இல்லீங்களா சார்?"

கூட்டம் சிரித்தது. மரியஅந்தோணிக்குக் காது சிவந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஊட்ல அன்பியக் கூட்டம். ஃபாதர் வர்றாரு. நீங்களும் சம்சாரத்தோட வாங்க. பிரட்டுன்னா என்னன்னு காட்டறேன்."

அன்பியம் என்பது தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிப்பது. ஜெபம் முடிந்தால் டீ. அந்தச் சனிக்கிழமை டீயோடு என்ன வரும் என்பது இப்போது கடைத்தெருவுக்கே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலையிலிருந்தே காற்றும் மழையும். மாவு பொங்கி வரும் நேரத்தில் எங்கோ கம்பியின் மேல் மரம் சாய்ந்து கரண்ட் போனது. திரும்பி வந்தபோது, மெஷின் விட்ட இடத்தை மறந்து முதலிலிருந்து பிசைய ஆரம்பித்தது. மறுபடியும் போனது. பியாட்ரிஸ் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"இது பிரட் இல்லீங்க, போஸ்டர் ஒட்டற பசை. பேசாம வர்க்கி வெச்சுருவோம்."

"அவரு வர்க்கிய அவருக்கே வெக்கறதா?"

குன்னூரில் எந்தக் கடையில் நின்றாலும் சேதி கருப்புசாமிக்குப் போய்விடும். கோத்தகிரி பஸ் ஏறி, வழியில் கட்டபெட்டில் இறங்கினார். டீக்கடையை ஒட்டி ஒரு சின்னக் கடை.

"வெட்டாத பிரட் இருக்குதுங்களா?"

"இப்பத்தான் வண்டி வந்துட்டுப் போச்சுங்க. குன்னூர் கருப்புசாமி அண்ணன் பேக்கரிச் சரக்கு. நம்பி வாங்கிட்டுப் போங்க."

கோத்தகிரி வரை போய்த் தேடினால் கூட்டத்துக்குத் திரும்ப முடியாது. குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாங்கினார்.

வீட்டில் பியாட்ரிஸ் உறையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, பிரட்டைக் குறுக்கே பாதியாக வெட்டினார். நீளம் போய், மெஷின் பிரட்டின் சதுரம் வந்தது. கரண்டிக் காம்பை அடியில் குத்தித் திருகினார். மரியஅந்தோணி கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நம்ம ஓட்டை இன்னும் கொஞ்சம் அகலம்."

"இதையும் திருப்பி அனுப்பப் போறீங்களா?"

ஜெபம் முடிந்து தட்டு சுற்றி வந்தது. "வீட்டுப் பிரட் வீட்டுப் பிரட்தான்" என்றார் ஃபாதர். பக்கத்து வீட்டுச் செல்வி, "வாசமே வேறங்க" என்றாள். கருப்புசாமி அவசரப்படவில்லை. ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அது எழுந்து வருவதைப் பார்த்தார். முகர்ந்தார். தட்டில் மீதி இருந்த கட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். மரியஅந்தோணியின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இந்த ஓட்டை எப்படிங்க சார் விழுது?"

மரியஅந்தோணி சொன்னார். துடுப்பின் அளவு, அது சுற்றும் விதம், நிற்கும் இடம் என்று நீளமாகவே சொன்னார். கருப்புசாமி ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு, ஃபாதர் பக்கம் திரும்பினார்.

"நல்ல பிரட்டுங்க ஃபாதர். மருந்து கிருந்து ஒண்ணும் கெடையாது. எங்க வேணாலும் வந்து சொல்லுவனுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். வேறு வழியில்லாமல் மரியஅந்தோணியும் ஆட்டினார்.

அடுத்த வாரம் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் குட்டையாக, சதுரமாக ஒரு புதுப் பிரட் வரிசை வந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை. செல்வி ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "சார் ஊட்ல சாப்பிட்ட அதே பிரட்டு!" என்றாள்.

"சார்தான் சொல்லிக் குடுத்தாருங்க" என்றார் கருப்புசாமி.

மழைக்காலம் முடியும்வரை கரண்டை நம்ப முடியாது என்று பியாட்ரிஸ் மெஷினில் சப்பாத்தி மாவு மட்டும் பிசைந்துகொண்டிருந்தார். அதற்கு மேற்பார்வை தேவைப்படவில்லை. வரிசையில் செல்விக்குப் பின்னால் நின்றிருந்த மரியஅந்தோணியின் முறை வந்தது. கருப்புசாமி கேட்காமலே ஒரு பிரட்டை எடுத்துக் கவிழ்த்து அவர் முன் வைத்தார்.

"ஓட்டை சரியா வந்திருக்குதுங்களா சார்? நீங்க பாத்துச் சொன்னாத்தான் உண்டு."

பின்னால் வரிசை காத்திருந்தது. மரியஅந்தோணி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"இன்னும் கொஞ்சம் அகலம் வேணுங்க" என்றார்.