மூன்று குறைகள்

மைதா மாவைக் காய்ச்சும்போது எழும் பசை வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு மறந்தே போயிருந்தது. போன மாதம் நெய்யாற்றின்கரையில் தலைமையாசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. எங்கள் தலைமைப் பண்பை வளர்ப்பதற்காக. ஓய்வுக்கு நாள் எண்ணுகிறவர்கள், முட்டுவலிக்காரர்கள், சர்க்கரை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தரையில் சார்ட்டை விரித்து, சுற்றிக் குந்தி, 'என் கனவுப் பள்ளி'யை வரைந்தோம். எங்கள் குழு வரைந்த பள்ளிக்குக் கதவு வைக்க மறந்துவிட்டோம். பயிற்சி தர வந்த இளைஞர் வெகுநேரம் அதைப் பார்த்து நின்றுவிட்டு, தடைகளற்ற பள்ளி என்ற சிந்தனை அருமை என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாதியில் பசை தீர்ந்துபோக, சமையல் அறையில் யாரோ மைதா காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். ஈரமும் புளிப்பும் லேசான தீய்ச்சலும் கலந்த அந்த வாசனை ஏறியதும் எனக்குக் கனவுப் பள்ளியில் வேலை ஓடவில்லை.

கடைசி மணிநேரத்தில் பயிற்சியை நாங்கள் மதிப்பிட வேண்டும். கைப்பேசியில் ஒரு படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து நட்சத்திரம் வரை தரலாம். கடைசிக் கட்டத்தில், 'பயிற்சியின் குறைகள் ஏதேனும் இருப்பின் எழுதவும்.' அங்கே என் கட்டைவிரல் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெருங்கடவிளைத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் எழுதாண்டாம் சாறே. அஞ்சையும் குத்திட்டு எழும்பும். நாலரை பஸ்ஸு போவும்."

குத்தினேன். பஸ் கிடைத்தது. வாசனையும் பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ரப்பர் தோட்டத்துக்கு முன்னால், ஓட்டுக்கூரை போட்ட பழைய கட்டடத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்தது. டி.டி.சி. என்றால்தான் ஊருக்கு விளங்கும். மலையாளப் பிரிவு முன்வாசலில். தமிழ்ப் பிரிவு அதன் முதுகுப்புறம், மழைத்தண்ணீர் வடிகிற பக்கம். அங்கே இரண்டு வருடம் ஆசிரியராகப் படித்தேன் என்று என் சான்றிதழ் சொல்கிறது. உண்மையில் இரண்டு வருடமும் சார்ட் ஒட்டப் பசை காய்ச்சினேன். கரப்பான் தின்னாமலிருக்க அதில் துருசு என்கிற மயில்துத்தம் போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும் என்பது இன்றும் எனக்குத் துல்லியமாகத் தெரியும். குழந்தையின் மனவளர்ச்சிப் படிகள் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள்.

பாடம் நடத்திப் பழக அதே வளாகத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. அதன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். 'நீரின் பயன்கள்' பாடத்தை ஒரே ஆண்டில் எங்களில் ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை படித்தவர்கள் அவர்கள். படம் எப்போது விரியும், எந்தக் கேள்வி எந்தப் பெஞ்சுக்கு வரும், சார் எந்த இடத்தில் புன்னகைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நாங்கள் தடுமாறினால் முதல் பெஞ்சிலிருந்து மெல்லிய குரல் வரும்: "சாறே, இனி மீன் படம்." அந்தக் கட்டடத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது யார் என்று என்னைக் கேட்டால், எட்டு வயதுப் பிள்ளைகள் என்பேன். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, சத்துணவு முட்டையும் வாரத்துக்கு ஒரு நாள்தான்.

என் செய்முறைத் தேர்வை அவர்கள்தான் காப்பாற்றினார்கள், அல்லது கெடுத்தார்கள். இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து வந்த தேர்வாளர் பின்னால் உட்கார்ந்ததும் நான் இரண்டாம் கேள்வியை விட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்டேன். பிள்ளைகள் வரிசை தவறவில்லை. நான் மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்க, சமையலுக்கு என்று பதில் வந்தது. நாம் எதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று கேட்க, மேகம் என்றாள் ஒருத்தி, கணீரென்று. எல்லாப் பதிலுக்கும் நான் "மிக நன்று" என்றேன். அப்படித்தான் பாடக்குறிப்பில் எழுதியிருந்தது. முதல் வகுப்பு மதிப்பெண் கிடைத்தது. தேர்வாளருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. பிள்ளைகளின் பங்கேற்பு சிறப்பு என்று எழுதினாராம்.

அன்றைக்கு எனக்கு அடுத்த முறை லில்லி அக்காவுடையது.

லில்லி அக்கா எங்களில் மூத்தவள். செங்கல் என்ற ஊர்ப் பக்கம் வீடு, இரண்டு பெண்பிள்ளைகள். சபையில் ஞாயிறு வகுப்பு எடுத்து எடுத்து, பிள்ளைகளோடு பேசுவது அவளுக்கு மூச்சு விடுவது போல. பாடக்குறிப்பு எழுதுவதுதான் ஆகாது. அவள் வீட்டுப் பக்கத்துச் சபைப் பள்ளியில் தமிழ் டீச்சர் அந்த வருடம் ஓய்வு பெறுகிறார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சான்றிதழோடு வந்தால் இடம் லில்லிக்கு என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆள் இல்லையென்றால், ஒரு பெஞ்சும் அரைப் பெஞ்சுமாகத் தேய்ந்துபோன தமிழ் டிவிஷனை மலையாளத்தோடு சேர்த்துவிடுவார்கள். அவளுடைய இளைய மகளும் அந்த டிவிஷனில்தான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் மதியப் பொதியைப் பிரிக்கும்போதெல்லாம் ஜூன் என்ற சொல்லையும் சேர்த்தே பிரிப்பாள்.

இங்கே கிரிட்டிசிசம் நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் பாடம் நடத்தும்போது சக மாணவர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து மதிப்பிட்டு எழுத வேண்டும். பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் நிறை, அந்தப் பக்கம் குறை. குறை மூன்றேனும் இருந்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் நோட்டில் கையெழுத்து விழாது. கூர்ந்து பார்க்கவில்லை என்று அர்த்தமாம். நிறைக்கு அப்படிக் கணக்கு ஏதும் கிடையாது. அதனால் நாங்கள் முதலில் குறையை எழுதி முடித்து, நிறையை ஹாஸ்டலில் போய் எழுதுவோம். என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் தேர்வு நாளில் லில்லி அக்காவுக்கு என்னைப் போட்டார்கள்.

அவளுடைய பாடம் தாவரத்தின் பாகங்கள். சார்ட் வரைந்து கொண்டுவந்திருந்தாள்; நான் காய்ச்சிய பசைதான். அதை விரிப்பதற்கு முன்னால், பையிலிருந்து ஒரு மரச்சீனிக் கம்பை, மரவள்ளிதான், எடுத்து மேசைமேல் வைத்தாள். அவ்வளவுதான், ஷைனி என்ற பெண் எழுந்துவிட்டாள். ஒத்திகையில் இல்லாத எழுச்சி.

"டீச்சரே, கம்பைத் தலைகீழா நட்டா என்ன ஆவும்?"

லில்லி அக்கா கம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு அறியாது பிள்ளே. வாருங்க, நட்டுப் பாப்போம்."

எனக்குத் தெரியாது என்ற வாக்கியத்தை அந்தக் கட்டடத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெஞ்சுகள் சாய, எல்லாரும் முற்றத்துக்கு ஓடினார்கள். கம்பை இரண்டாக முறித்து, ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் நட்டார்கள். எது மேல்முனை என்று பெரிய வழக்கு. கணுவின் சாய்வைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் ஷைனிதான். வேர் எங்கே வரும், தலைகீழ்க் கம்பு திரும்பி வளருமா, அல்லது இலை மண்ணுக்குள்ளேயே விரியுமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரும் யாருடைய பதிலையும் ஒப்பிக்கவில்லை. தேர்வாளர் வேட்டியைச் சற்று தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் ஓர் எட்டு வயது வந்து போனதை நான் கண்டேன். மணி அடித்தது. சார்ட் சுருட்டியபடியே மேசைமேல் கிடந்தது.

நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்று, துணைக்கருவி காட்டப்படவில்லை. இரண்டு, பாடத்தைத் தொகுத்துக் கூறவில்லை. மூன்று, ஆசிரியை தமக்குத் தெரியாது என்று மாணவர்முன் கூறினார். மூன்றாவதன் கீழே கோடு போட்டேன், சிவப்பு மையில். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சிறந்த பாடம் அது என்று அப்போதே எனக்குத் தெரியும். மூன்று எழுத வேண்டும் என்பதும் தெரியும்.

தேர்வாளர் பொல்லாத ஆள் இல்லை. அலுவலக அறையில் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் யோசித்தார். தாளில் இருந்த கட்டங்கள் எல்லாம் காலி. அந்த முற்றத்துக்கு ஏற்ற கட்டம் எதுவும் இல்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, நோட்டைப் பார்த்தார். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, நீயே சொல் என்று நோட்டைத் திருப்பித் தந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த அறையில் அந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். எதை வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம். பத்து நிறைகளை அங்கேயே உண்டாக்கியிருக்கலாம். அவை பொய்யாகவும் இருந்திருக்காது. நானோ, திருவனந்தபுரத்துக்காரர் முன்னால் எல்லைத் தமிழன் மலையாளம் பிசகாமல் பேசிக் காட்டும் வாய்ப்பு இது என்று நினைத்துவிட்டேன். செய்தித்தாளில் பொறுக்கிச் சேர்த்திருந்த கனமான சொற்களாகத் தேர்ந்து, மூன்று குறைகளையும் ஏற்ற இறக்கத்தோடு மொழிபெயர்த்தேன்.

அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தோஷம் மூணு. குணம் ஒந்நும் இல்லே?"

நிறைப் பக்கம் வெள்ளையாக இருந்தது. எழுதவில்லை சார் என்றேன். அவர் பேனாவைத் திறந்தார்.

பிறகு பயிற்சிப் பள்ளியையே மதிப்பிட மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் வருகைக்காக முற்றத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்ததில் இரண்டு கம்புகளும் போய்விட்டன. தலைகீழாக நட்டால் என்ன ஆகும் என்று அந்த மூன்றாம் வகுப்புக்கு யாரும் சொல்லவில்லை. குழுவுக்கு மிகவும் பிடித்தது எங்கள் கிரிட்டிசிசம் நோட்டுகள். என்னுடையதை மாதிரி என்று கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார்கள். கோடு நேராக இருந்ததாம்.

லில்லி அக்கா செப்டம்பரில் மறுதேர்வு எழுதினாள். என்னிடமிருந்து 'நீரின் பயன்கள்' சார்ட்டையும் பாடக்குறிப்பையும் வாங்கிப் போய், ஒரு சொல் மாற்றாமல் நடத்தி, என்னைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கினாள். ஜூன் எப்போதோ போய்விட்டிருந்தது.

அதற்குப் பின் அவளைக் காணவில்லை. காணாதிருக்க நான் எடுத்த முயற்சியும் அதில் உண்டு. வேலை கிடைத்தது, பதவி வந்தது, மற்றவர்களின் வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து மதிப்பிடுகிற உரிமையும் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பாறசாலையில் ஒரு சான்றிதழை நகலெடுக்க ஒரு கடைக்குள் போனேன். ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பித் தருகிற கடை. கணினிக்குப் பின்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு லில்லி அக்கா. டி.டி.சி.க்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண்ணுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்புக்கு இப்போது பெயர் வேறு. அந்தப் பெண் போகும்வரை என்னை நிற்க வைத்தாள்.

"எலே, தல நரச்சுப்போச்சே" என்றாள். பிறகு தாளை வாங்கி நகல் இயந்திரத்தின் கண்ணாடிமேல் கவிழ்த்தபடி, விலைவாசி பேசுகிற குரலில் சொன்னாள்: "அண்ணைக்கு நான் சன்னலுக்கு வெளியே மண்ணுக் கையைக் கழுவிட்டு நிண்ணேன், கேட்டியா. நீ வாசிச்சதெல்லாம் கேட்டேன்."

இயந்திரத்தின் வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போயிற்று.

"உனக்க மலையாளம் நல்லா இருந்துது, மக்கா."

மூன்று எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டார்கள் அல்லவா என்று நான் ஏதோ குழறினேன்.

"அறியும். உனக்கு நானாக்கும் எழுதினது. நிறை மட்டும் ஏழு. ஒண்ணும் நேரில்ல, பொய்யாக்கும்."

சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. எத்தனை நகல் என்று கேட்டாள். நகல்கள் விழுந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தச் சபைப் பள்ளியைப் பற்றிக் கேட்கும் துணிவு வந்தது. எப்படியும் தமிழ் டிவிஷன் நாலைந்து வருடத்தில் மூடியிருக்கும் என்றாள், என்னைத் தேற்றுவது போல. இருக்கலாம். ஆனால் மூடியது அந்த ஜூனில். அந்தக் காலையில் அவள் மகளைக் கொண்டுவிடப் போயிருந்தாள், அதனால் பார்த்தாள்.

தமிழ் டிவிஷன் பிள்ளைகளைத் தங்கள் பெஞ்சுகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு வரச் சொன்னார்களாம். அவர்களுக்கு அது விளையாட்டு. அவளுடைய இளையவள் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். புத்தகங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெஞ்சின்மேலேயே அடுக்கித் தூக்கினார்கள். வாசற்படி ஏறும்போது பெஞ்சு சாய்ந்து புத்தகங்கள் சரிந்தன. பிள்ளைகள் பெஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பொறுக்கக் குனிந்தார்கள். மலையாளம் டீச்சர் நல்லவர். அவர் பிள்ளைகளின் முதுகில் தட்டி எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொண்டார், புத்தகம் கிடக்கட்டும், இனி அது வேண்டாமே என்று.