தவ்ஹீதா அப்லாவின் டென்னிஸ் மட்டை

எங்கள் பள்ளி வாசலில் பதினோரு வருஷமாகச் சாக்கடைத் தண்ணீர் தேங்கி நின்றது. பக்கத்துக் கறிக்கடைக்காரரின் வாத்துகள் அதில் குடும்பம் நடத்தின. மாணவிகள் அதில் போட்டிருந்த செங்கற்களில் கால் வைத்துத் தாண்டி உள்ளே வருவார்கள். தவ்ஹீதா ஷலபி தேர்தலில் நிற்கப் போனதற்கு அந்தக் குட்டைதான் காரணம்.

அவர் அந்தப் பள்ளிக்கு இலக்கண ஆசிரியையாக வந்தவர். முப்பத்து நான்கு வயதில் துணைத் தலைமையாசிரியை, நாற்பத்தொன்றில் தலைமையாசிரியை. டீச்சரம்மாவை எங்கள் ஊரில் ‘அப்லா’ என்பார்கள். ஓவியம் சொல்லிக்கொடுத்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். அலெக்சாண்டிரியாவில் டிராம் பாதை முடிகிற எங்கள் பேட்டையில், பதினான்கு அறையில் இரண்டு ஷிப்டாக ஆயிரத்து நூறு பெண்களைப் படிக்க வைத்தார். ஒருமுறை எங்களுக்கு வரவேண்டிய நாற்பத்தெட்டு நாற்காலிகளை, இல்லாத ஒரு பள்ளியின் பெயருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்லா லாரி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மூன்று நாள் ஊரைச் சுற்றி, நாற்பத்தொன்பது நாற்காலிகளோடு திரும்பினார். கூடுதல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஆனால் சாக்கடை மட்டும் அவருக்கு மசியவில்லை. நாற்பத்து மூன்று கடிதங்கள் எழுதினார். ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு வடிகால் அலுவலகத்துக்கு நேரிலேயே போனார், நானும் கூடப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

“இதெல்லாம் வட்டார மன்றத்து ஆளு கேட்டாத்தான் நடக்கும், மேடம். நீங்க மன்றத்துல இருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப இருந்துட்டு வாங்க.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அப்லாவுக்கு விளையாட்டுப் பேச்சு புரியாது. “எந்தத் தேதிக்குள்ள மனு குடுக்கணும்?” என்று கேட்டார். அவன் கையிலிருந்த விதை கீழே விழுந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவர் கணவர் காமில், டிராமில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், தேநீரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“ஜெயிச்சா ராத்திரி சாப்பாடு யாரு செய்வா?”

“தோத்தாலும் நீங்கதான்,” என்றார் அப்லா.

எதிராக நின்றவர் ஹாஜி மெத்வல்லி, தரை ஓடு வியாபாரி. நல்ல மனிதர்தான், சிரித்த முகம். அவருடைய மூன்று பெண்களும் எங்கள் பள்ளியில் படித்தவர்கள். அவருக்குப் பேரீச்சை மரம் சின்னமாக வந்தது. குலுக்கலில் அப்லாவுக்கு வந்தது டென்னிஸ் மட்டை.

அதன் பிறகு நடந்த குளறுபடிக்கு நானே பொறுப்பு. தேர்தல் அலுவலகத்தில் கொடுத்த படம் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. டென்னிஸ் மட்டையை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே கிடையாது. பதினான்கு துணிப் பதாகைகளில் வட்டமாக ஒன்றும் நீளமாக ஒரு கைப்பிடியும் வரைந்தேன். உள்ளே வலை போட்டால் பெயின்ட் வழிந்து அசிங்கமாகிறது என்று வட்டத்தை முழுக்கக் கறுப்பாக அடித்துவிட்டேன். துணிகளைத் தெருவில் கட்டிய மறுநாள், மூலையில் அவரைப்பருப்பு வடை போடும் உம்மு ஷௌக்கி எங்களை நிறுத்தினாள்.

“அப்லா, வாணலி பிரமாதம். கைப்பிடி இவ்ளோ நீளமா இருக்கே, சுடாதுல்ல?”

“அது வாணலி இல்ல. டென்னிஸ் மட்டை.”

“அதுல என்ன பொரிப்பாங்க?”

“பொரிக்க மாட்டாங்க. பந்தடிப்பாங்க.”

“நம்ம தெருவுல அதையெல்லாம் யாரு அடிக்கறா? வாணலியாவே இருக்கட்டும், விடுங்க.”

அப்லா மெல்ல என் பக்கம் திரும்பினார். “வலை எங்க, ஃபிக்ரி?”

“பெயின்ட் வழிஞ்சிடும்னு விட்டுட்டேன், அப்லா.”

“பதினாலுலயுமா?”

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க.”

அந்த வாரமே ஹாஜி வீட்டுக்கு வீடு ஒரு பாட்டில் எண்ணெயும் ஒரு பை சர்க்கரையும் அனுப்பினார். அதோடு பேட்டைப் பெண்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. “எண்ணெய் ஹாஜி வீட்டுது, சட்டி அப்லா வீட்டுது. மீன் சின்னத்துல யாராவது நின்னா இன்னிக்கே சமையல முடிச்சிடலாம்” என்று ரொட்டிக் கடை வரிசையில் உம்மு ஷௌக்கி சொன்னது மாலைக்குள் டிராம் நிலையம் வரை போய்விட்டது. வாணலி அம்மா என்றால் போதும், எல்லோருக்கும் தெரிந்தது. வேறு யாராவதாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அப்லாவோ எந்தக் கூட்டத்திலும் முதல் கால் மணி நேரத்தை அது டென்னிஸ் மட்டை என்று விளக்குவதற்கே செலவழித்தார்.

மீதி நேரத்தில் தன்னால் எதெல்லாம் முடியாது என்று சொன்னார். “பசங்களுக்கு வேலை வாங்கித் தர மாட்டேன், அது மன்றத்து வேலை இல்ல. ரொட்டி விலையைக் குறைக்க மாட்டேன், அதுவும் மன்றத்து வேலை இல்ல. சாக்கடையைச் சரி பண்ணுவேன்.” கூட்டம் இன்னும் ஏதோ வருமென்று காத்திருக்கும். அவர் கீழே இறங்கிவிடுவார். “சும்மாவாவது ஒரு பூங்கா கட்டித் தர்றேன்னு சொல்லேன்,” என்று காமில் கெஞ்சினார். “எங்க கட்டறது? குட்டைக்கு நடுவுலயா?”

வாக்குச் சாவடி எங்கள் பள்ளியிலேயே அமைந்தது. பெண்களுக்குக் கீழ்த்தளம், ஆண்களுக்கு மாடி. காலை எட்டு மணிக்கே பெண்கள் கூட்டம் செங்கற்களைத் தாண்டி வந்து வாசலில் முட்டி மோதியது. இரண்டு போலீஸ்காரர்களும் இளவயதுத் தேர்தல் அதிகாரி ஒருவரும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனார்கள். வேட்பாளர் என்ற முறையில் பார்வையிட வந்த அப்லா அந்தக் காட்சியை ஒரு நிமிஷம் பொறுத்துக்கொண்டார். பிறகு இரண்டு தட்டு கை தட்டினார்.

அவ்வளவுதான். முந்நூறு பெண்கள், அதில் பாட்டியாகிவிட்டவர்களும் உண்டு, ஒரு கை இடைவெளி விட்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தி வாயிலிருந்த மிட்டாயைக் கையில் துப்பி மறைத்துக்கொண்டாள்.

ஹாஜியின் ஏஜென்ட் ஓடிவந்தார். “சார், வேட்பாளர் வாக்காளர மிரட்டறாங்க!”

அதிகாரி சங்கடப்பட்டு அப்லாவை வெளியே போகச் சொன்னார். சட்டப்படி சரிதான் என்று தலையசைத்துவிட்டு அவரும் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் வரிசை உடைந்து, ஒரு கதவின் கீல் கழன்றது. அதிகாரி குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

“மேடம், தயவு செஞ்சு திரும்பி வாங்க. ஏஜென்ட்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“எழுத்துல குடுங்க.”

அதிகாரி எழுதிக் கொடுத்தார். மாலை வரை அப்லா வரிசையைப் பார்த்துக்கொண்டார். ஹாஜி வேனில் கொண்டுவந்து இறக்கிய வயதான அம்மாக்களை அப்லாவே கைபிடித்து முன்னால் அழைத்துப் போய் விட்டார். அவர் உபயத்தில் ஹாஜியின் வாக்குகள் சிந்தாமல் சிதறாமல் பெட்டிக்குள் விழுந்தன.

வாக்கு எண்ணிக்கைக்கு அப்லாவின் சார்பில் நான் உட்கார்ந்தேன். பெண்கள் பெட்டியைத் திறந்து முதல் சீட்டை எடுத்த அதிகாரி முகம் சுளித்தார். டென்னிஸ் மட்டைக்கு நேராகத்தான் குறி போட்டிருந்தது. ஆனால் சீட்டின் தலைப்பில், வலது மூலையில், முத்து முத்தான கையெழுத்தில் ஒரு முழுப் பெயர்: தன் பெயர், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. “இது செல்லாது. அடையாளம் இருந்தா செல்லாது.” அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் வகுப்பும் பிரிவும்கூட இருந்தன. ஒருத்தி தேதியை ஹிஜ்ரி, ஆங்கிலம் என இரண்டு நாள்காட்டிப்படியும் எழுதி, ஓரத்தில் அடிக்கோலால் கோடும் கிழித்திருந்தாள்.

காகிதம் என்று எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் பெயர், பெயரில்லாத தாளுக்குச் சுழி: இருபத்தாறு வருஷம் அப்லா இதைத்தான் அவர்கள் தலையில் ஏற்றியிருந்தார். மொத்தம் அறுநூற்றுப் பதினொரு சீட்டுகள் செல்லாமல் போயின. ஹாஜி இருநூற்று இருபத்து நான்கு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மறுநாள் காலை நான் போனபோது அப்லா சமையலறை மேசையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உரிப்பதை நிறுத்தவில்லை.

“அறுநூத்திப் பதினொண்ணா?”

“ஆமா, அப்லா.”

“பேர்ல எழுத்துப் பிழை?”

“ஒண்ணுல கூட இல்ல.”

அவர் எழுந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் முதுகைக் காட்டி நின்றார். திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகத்தில் இருந்தது துக்கம் மட்டும் இல்லை.

“இன்னொண்ணு,” என்று இழுத்தேன். “ஆம்பளைங்க பெட்டியிலயும் அப்படி ஒரு சீட்டு இருந்துச்சு.”

“யாரோடது?”

நான் காமிலைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“பழக்கதோஷம், தவ்ஹீதா. முப்பத்தஞ்சு வருஷமா உன்கூட இருக்கேன்ல,” என்றார்.

அப்லா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு, அவரைக்காய் தரையெல்லாம் சிதற, மூச்சு முட்டச் சிரித்தார். காமிலும் பயந்து பயந்து சேர்ந்துகொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹாஜி ஒரு பெரிய தட்டில் ரவை இனிப்போடு வந்தார். உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை.

“அப்லா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. என் பொண்ணுங்க மூணு பேரும் உங்களுக்குத்தான் போட்டாங்களாம். மூணும் செல்லலியாம்.”

அப்லா உள்ளே போய், சாக்கடைக் கடிதங்களின் நகல்களை நாடாவால் கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். “தேதி வாரியா இருக்கு. குழப்பிடாதீங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பாக்கறேன்.”

சொன்னபடி போனார். அதற்கடுத்த செவ்வாயும் போனார். மன்றத்தில் ஹாஜி வேறு எதற்கும் வாயைத் திறந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. சாக்கடை என்று மட்டும் மாதத்துக்கு நான்கு தடவை எழுந்து நின்றாராம். ஐந்தாவது மாதம் குழாய் பதித்தார்கள். வாத்துகள் வேறு தெருவுக்குக் குடிபோயின. குட்டை இருந்த இடத்தில் ஹாஜி தன் கடை ஓடுகளையே பதித்து நடைபாதை போட்டுக் கொடுத்தார்.

திறப்பு விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள். அப்லா மட்டும் குனிந்து, குடையின் நுனியால் ஓர் ஓட்டைத் தட்டிப் பார்த்தார். அடுத்ததையும் தட்டினார்.

“ஹாஜி, மூணாவது வரிசை கோணலா இருக்கு.”

அன்றிலிருந்து தெருவில் அப்லாவின் குடை தெரிந்தால் ஹாஜி பக்கத்துச் சவரக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார். போன திங்கட்கிழமை ஒரே நாளில் இரண்டு முறை முகச்சவரம் செய்துகொண்டாராம்.