எல்லைக் கம்பருகே எழுதிய தேர்வு

அம்மனை நம்புகிற சகோதர சகோதரிகளே, எனக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். கூட்டிச் சொல்ல எனக்கு வராது.

என் பெயர் தேன்மொழி. பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்தை அடுத்த ஒரு சின்ன மீனவக் குப்பம் எங்களுடையது. நைனா ஏரியில் வலை போடுகிறார். அம்மா மீன் விற்கிறாள். நான் மின்னணுவியலில் டிப்ளமோ படித்தேன். கடைசி ஆண்டில் ஊரடங்கு வந்து, கல்லூரி மொத்தமும் கைப்பேசிக்குள் போய்விட்டது.

அந்த ஆண்டு எங்கள் பிரிவுக்கு வேலை கொடுக்க வந்தது ஒரே ஒரு நிறுவனம். மருத்துவமனைக் கருவிகள் பழுதானால் தொலைபேசியில் கேட்டு வழி சொல்லும் வேலை. அழைப்பவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அதனால் ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வு ஒன்று வைத்தார்கள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறை ஓடும். நிறுத்த முடியாது. பின்னால் போக முடியாது.

நான் தோற்றேன்.

ஒலிப்பதிவில் ஒருவர் தன் கருவி எப்படிப் பழுதானது என்று சொன்னார். அந்தக் கருவியை என் கையாலேயே பிரித்துச் சரி செய்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. அது என்ன, அது என்ன என்று அதிலேயே நின்றுவிட்டேன். நினைவு வந்தபோது அவர் நன்றி சொல்லிப் போனை வைத்துக்கொண்டிருந்தார். பாதிக் கேள்விகள் காலி.

தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, இரண்டு மாதம் கழித்து இருக்கும், அதுவே கடைசி என்றார்கள். அன்று முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே எழுந்து வாசலுக்குப் போவேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன்.

எங்கள் குப்பத்தில் போன் பேசலாம். இணையம் வராது. பாடம் கேட்க வேண்டுமானால் படகில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே டச்சுக் கல்லறையின் மதில் ஓரம் நிழலும் இருக்கும், சிக்னலும் நன்றாக இருக்கும். என்னோடு படித்த ரஹ்மத்தின் வீடும் அந்தப் பக்கம்தான். அவளும் முதல் தேர்வில் தோற்றவள். இருவரும் முகக்கவசத்தோடு மதிலில் சாய்ந்து உட்கார்வோம். ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சம். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்களே என்று முணுமுணுப்பேன்.

"சத்தமா பேசுடி. உள்ள படுத்துகினு இருக்கறவங்க யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எல்லாம் டச்சுக்காரங்க" என்பாள் ரஹ்மத்.

அவளுக்கு எதுவும் விளையாட்டுதான். நான் அப்படியில்லை. எதையும் ஒன்று, இரண்டு என்று பிரித்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். எது உதவுகிறது, எது ஏமாற்றுகிறது என்று பிரித்தேன். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

வேகத்தைக் குறைத்துக் கேட்பது ஏமாற்றுகிறது. மெதுவாக ஓடும்போது எல்லாம் புரிந்தாற்போல் இருக்கும். சாதாரண வேகத்துக்கு மாற்றினால் பேசுகிறவர் ஓடுகிறார், நாம் பின்னால் கத்திக்கொண்டே போகிறோம். திரையின் அடியில் எழுத்து ஓடினால் கண் படித்துவிடுகிறது, காது தூங்கிவிடுகிறது. ரஹ்மத் ஒரு காகிதத்தை ஒட்டி அந்த எழுத்தை மறைத்தாள். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. ஒரு வாரத்தில் காது விழித்துக்கொண்டது.

உதவியவை வேறு. கேட்பதற்கு முன்பே கேள்விகளைப் படித்து, இங்கே வரப்போவது இடமா, பெயரா, காரணமா என்று ஊகித்து வைத்துக்கொள்வது. பேசுகிறவரோடு கூடவே உதட்டுக்குள் பேசிப் பார்ப்பது. ரஹ்மத் ஒரு துண்டு ஆங்கிலப் பேச்சைக் கேட்டு அதன் சாரத்தைத் தமிழில் எனக்குக் குரல்பதிவாக அனுப்புவாள். அதே துண்டைக் கேட்டு, அவள் எதை விட்டாள் என்று நான் சொல்வேன். மறுநாள் மாற்றிக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாத சொல் வந்தால் அதைப் போகவிடுவது. எனக்கு வராமலே இருந்தது இந்தக் கடைசிதான்.

"உட்டுட்டு வாடி" என்று ரஹ்மத் என் தொடையில் தட்டுவாள். "அந்த வார்த்த இன்னா உன் மாமன் மவனா? போவட்டும்."

என்னால் விட முடியவில்லை.

ஆடி பிறந்தது. எங்கள் குப்பத்தைக் காப்பவள் கங்கையம்மன். ஆடியில் ஊரெல்லையில் காப்பு கட்டி, ஒரு வாரம் கழித்துக் கூழ் ஊற்றுவோம். வீட்டுக்கு ஒருவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டியவர்கள் கூழ் ஊற்றும் நாள்வரை ஊரெல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடலிலும் ஏரியிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை. நோய்க்காலம் என்பதால் அந்த ஆண்டு மேளமும் கூட்டமும் இல்லை. காப்பு மட்டும் உண்டு.

எப்போதும் அம்மாதான் கட்டிக்கொள்வாள். அந்த முறை நான் கேட்டேன். தேர்வு அடுத்த மாதம்தானே, அதற்குள் விரதம் முடிந்துவிடும், தெம்பாகப் போய் எழுதலாம் என்று எண்ணினேன். பூசாரி ஏழுமலை மாமா கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். "தாயே, இந்தத் தேர்வில் என்னைக் கரை சேர்" என்று கேட்டுக்கொண்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ரஹ்மத் போன் செய்தாள்.

"தேனு, உக்காந்துகினு இருக்கியா? தேதிய முன்னால தள்ளிட்டாங்கடி. நாளான்னிக்கு பத்து மணிக்கு."

நாளை மறுநாள். காப்பு என் கையில்.

விஷயத்தைச் சொன்னேன். அவள், "கட்டுன கைய ஊர்லயே வெச்சுட்டு மிச்சத்த மட்டும் எட்த்துகினு வா" என்றாள். நான் அழுதுவிட்டேன். "ஏய், பேஜார் பண்ணாத. நான் எழுதிக் கேக்கறேன். அல்லாவாண்ட துஆவும் கேக்கறேன். அழாத" என்றாள்.

அவள் நிறுவனத்துக்கு எழுதினாள். எல்லோருக்கும் ஒரே நேரம், மாற்ற இயலாது என்று மதியமே பதில் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் என் மனம் பட்டபாட்டைச் சொல்ல வேண்டும். எப்போதும்போல வழிகளைப் பிரித்துப் பார்த்தேன். காப்பை அவிழ்க்கலாம். முடியாது, கட்டியது நான், கேட்டு வாங்கியது நான். யாருக்கும் தெரியாமல் அக்கரை போய்வரலாம். அன்றைக்குப் பார்த்து யாராவது ஒருவர் வீடு திரும்பாவிட்டால்? ஊர் என்னை விடுமோ விடாதோ, நான் என்னை விடுவேனா? குப்பத்திலேயே எழுதலாம். கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தீவை முழுசாகச் சுற்றினேன். வலை உலர்த்தும் மேடு, படகுத்துறை, பள்ளிக்கூடத்தின் பின்புறம். வடக்கு முனையில் சிக்னல் ஒரு கோடு வந்தது. கையை அசைத்தால் போய்விட்டது.

அம்மா துறையில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி பேய் பட்டவ மாதிரி சுத்திகினு இருக்க?" என்றாள். சொன்னேன். கையிலிருந்த இறால் கூடைக்குள் விழுந்தது. "ஆத்தாளாண்ட போய் நில்லு" என்று மட்டும் சொன்னாள்.

கோயிலுக்குப் போனேன். காலையிலிருந்து நான் வேண்டியதெல்லாம் "தேதியை மாற்று தாயே" என்றுதான். அவள் முன்னால் அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "உனக்குக் கட்டின காப்பும் அவிழக் கூடாது, தேர்வும் போகக் கூடாது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நீயே பார்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே நின்றேன்.

அந்த நேரத்தில்தான் கரகப் படகு திரும்பி வந்தது. காப்பு கட்டிய மறுநாள் அம்மனின் கரகத்தைப் படகில் வைத்து ஏரிக்குள் கொண்டுபோவது எங்கள் வழக்கம். எங்கள் குப்பம் வலை போடும் நீர்ப்பரப்பு முடிகிற இடத்தில் ஒரு பெரிய கம்பு நட்டிருக்கும். அதற்கு மஞ்சள் பூசி, பால் ஊற்றித் திரும்புவார்கள். இறங்கி வந்த பூசாரி மாமா, படகோட்டி வந்த பையன்களைத் திட்டிக்கொண்டே கோயிலுக்கு வந்தார்.

"ஆத்தாளுக்குப் பால் ஊத்தற நேரத்துல டிங்கு டிங்குனு. உங்க போன எல்லாம் ஏரியில போட்ருக்கணும்."

"நாங்க இன்னா பண்றது மாமா? கம்பாண்ட போனாலே மெசேஜா கொட்டுது. பழவேற்காட்டு டவர் நேரா தெரியுது" என்றான் ஒருவன்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திறந்த நீர்ப்பரப்பு. மறைப்பு இல்லை. கோபுரம் நேர்க்கோட்டில். நான் படித்த படிப்புக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் முன்னால் நின்று, எனக்குத் தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

கம்பருகே படகில் போய் எழுதலாமா என்று கேட்டேன். பூசாரி மாமா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "கரகம் போறது வேற. காப்பு கட்டுன பொண்ணு படகு ஏறுறது வேற" என்றார். அம்மா மீன் கையோடு வந்து நின்றாள்.

"ஏண்ணா, ஆத்தா அந்தக் கம்பு வரிக்கும் போறாளே, எல்லயத் தாண்டிட்டா போறா?"

"இல்ல."

"அப்ப அதுவரிக்கும் ஊருதான? எங்க ஊட்டுக்காரு நேத்து அங்கதான் வல போட்டாரு. வெளியூர்க்காரன் போட்டா அடிக்கப் போறீங்க, நம்ம எடம்னு. எம்பொண்ணு போனா மட்டும் அது வெளியூரா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. "நான் யாரு சொல்றதுக்கு? ஆத்தாளையே கேளு" என்றார்.

பூக் கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் போகலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை சரசு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மாமா பிரிக்கும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் பார்த்தேன். வெள்ளை.

"கம்பத் தாண்டக் கூடாது" என்றார் மாமா. "ஒரு சாண்கூட."

தேர்வு நாள் காலையில் நைனா படகைக் கம்பின் உள்பக்கமாகக் கட்டினார். நான் நடுப்பலகையில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் கோடுகள் நிறைந்திருந்தன. காற்று மட்டும் பலமாக இருந்தது. நைனா ஒரு தார்ப்பாயை விரித்துப் பிடித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். திரையில் வந்த மேற்பார்வையாளர், உன் பின்னால் ஏன் தண்ணீர் ஆடுகிறது என்று கேட்டார். படகில் இருக்கிறேன், எங்கள் ஊரில் இங்கேதான் சிக்னல் என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அவர் சிரித்து, கவனமாக எழுது என்றார்.

ஒலிப்பதிவு தொடங்கியது. முதல் பகுதி போனது. இரண்டாவது பகுதியின் நடுவில் காற்று திரும்பியது. படகின் பின்பக்கம் மெல்ல வெளிப்பக்கமாகச் சுழன்றது. இன்னும் கொஞ்சம் சுழன்றால் நான் உட்கார்ந்திருக்கும் இடமே கம்பைத் தாண்டிவிடும். நைனா அதைப் பார்த்தார். தார்ப்பாயைப் பிடித்தால் படகு போகும். படகைப் பிடித்தால் தார்ப்பாய் போகும். அவர் தார்ப்பாயை விட்டார். அது பறந்து தண்ணீரில் விழுந்தது. தள்ளுகழியைச் சேற்றில் ஊன்றி, மார்பை அதில் கொடுத்துப் படகை நிறுத்தினார்.

இப்போது காற்று முழுசாக என் காதில். பேசுகிற பெண்ணின் குரல் வந்து வந்து போனது. ஒரு சொல் போனது. இன்னொன்றும் போனது. பழைய பயம் திரும்பி வந்தது. "தாயே" என்றேன், அவ்வளவுதான். அதற்குமேல் வேண்ட நேரமில்லை. கேள்வியைப் பார்த்தேன். இங்கே வரவேண்டியது ஒரு காரணம். காரணம் மட்டும் வந்தால் போதும். மற்றதெல்லாம் போகட்டும் என்று விட்டேன். ஒரு மாதமாக என்னால் முடியாதது அந்த நிமிடத்தில் முடிந்தது. போன சொற்களுக்காக நான் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் வந்தது. எழுதினேன். அடுத்தது வந்தது. எழுதினேன்.

முடிந்தபோது நைனாவின் மார்பில் கழியின் அச்சு சிவப்பாக இருந்தது. படகு கம்புக்கு உள்பக்கம்தான் இருந்தது.

"புரிஞ்சிச்சா?" என்றார்.

"எல்லாம் இல்ல நைனா. போதுங்கற அளவுக்கு."

கூழ் ஊற்றிக் காப்பு அவிழ்த்த சில நாட்களில் முடிவு வந்தது. தேர்ச்சி. ரஹ்மத்துக்கு என்னைவிட அதிக மதிப்பெண். இதை எல்லோரிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறாள், சொல்லிவிட்டேன்.

இப்போது இருவரும் சென்னையில் அந்த வேலையில்தான் இருக்கிறோம். பதறிப்போன குரல்கள் எங்கிருந்தெல்லாமோ அழைக்கின்றன. பாதி சொற்கள் புரியாது. முன்புபோல் திகைப்பதில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் கேட்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். அம்மா கோபத்தில் ஆயிரம் சொன்னாலும், அதில் அவளுக்கு வேண்டிய ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். என் படபடப்பு முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்திருக்கிறது.

தேர்வை நினைத்துச் சோறு இறங்காமல் இருக்கும் தங்கை யாராவது இதைப் படித்தால் உனக்குச் சொல்கிறேன். காதைப் பழக்கு, அது உன் வேலை, அதை அம்மன் செய்ய மாட்டாள். பழக்கிவிட்டு அவளிடம் போ. இந்த வழியில் கொடு, அந்தத் தேதியில் கொடு என்று அவளுக்குச் சொல்லித்தராதே. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா நில். அவள் ஏதோ ஒரு வாய் மூலமாகப் பேசுவாள். அது பூசாரியின் திட்டாகக்கூட இருக்கலாம். கேட்டுக்கொண்டிரு.