மேலே போன கோடு

பத்தாம் வகுப்பில் கணக்கு எனக்கு வேப்பங்காய். ஆனால் வரைபடம் என்று வந்துவிட்டால் என்னைப் பிடிக்க முடியாது. நிகழ்வெண்களைக் கூட்டிக்கொண்டே போய் வளைகோடு வரைவதில் வகுப்பிலேயே நான்தான் முதல். அந்தத் திமிர் இன்னும் என்னை அழவைக்கிறது.

அம்மாவின் தங்கை வலியசாலையில் எங்களோடு இருந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை, நாள் முழுக்க இப்படிப்பட்ட வரைபடங்களைப் போட்டு மேலதிகாரிகளுக்கு விளக்குவாள். மார்பில் கட்டி எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி ஃபைலில் ஒரு தாள் வந்தது. அதில் இரண்டு கோடுகள்: நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கு ஒன்று, தாமதமாகக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒன்று. சித்தி இரண்டாவது வகை.

சித்தியிடம் கேட்க அம்மாவுக்குப் பயம். தாளை என்னிடம் நீட்டினாள்.

"நீ இதெல்லாம் படிக்கறயோன்னோ, என்ன போட்டிருக்குன்னு பாரு."

எதை எண்ணிய கணக்கு என்று ஓரத்தில் எழுதியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. "அஞ்சாம் வருஷத்துல சித்தியோட கோடுதான் ரொம்ப மேல இருக்கு. அந்த வகையிலதான் நூத்துக்கு நெறையப் பேருக்குக் குணமாறதாக்கும்!" என்றேன்.

அம்மா அழுதேவிட்டாள். காரியம் கைகூடிய பிறகு உடைப்பதாக நேர்ந்திருந்த தேங்காய்களை அன்று சாயங்காலமே பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டாள். கூட வந்திருந்த சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சரியாத்தான் வாசிச்சிருக்கா, கேட்டியா அக்கா."

சில வாரம் கழித்து, தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை எண்ணி, இரண்டு வகுப்புகளுக்கு டீச்சர் கோடு வரைந்தார். மேலே போன கோடு மோசமான வகுப்புடையது. வீட்டுக்கு ஓடிவந்து தாளை எடுத்துப் பார்த்தேன். நோய் திரும்ப வந்தவர்களின் சதவீதம் என்று ஓரத்தில் இருந்தது.

சித்தியிடம் போய் அழுதேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "அக்காட்ட சொல்லாதே. அவ இப்பத்தான் நன்னாத் தூங்கறா."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சித்தி அம்மாவின் எதிரில் சிரித்துக்கொண்டே நடமாடினாள், அப்புறம் போய்விட்டாள். ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. சித்திக்கு மடியில் தலைவைத்து அழ இந்த உலகத்தில் அம்மா ஒருத்திதான் இருந்தாள், அந்த மடியை நான்தான் பிடுங்கிக்கொண்டேன் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.