மூன்றாக மடித்த அட்டை

பிரிக்பீல்ட்ஸ் கடையில் கேம் மாஸ்டருக்கான மறைப்பு அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் விளையாட்டில், கதை நடத்துபவரின் வரைபடத்தையும் பகடையையும் ஆடுபவர்கள் பார்க்காமல் மறைக்கும் அட்டை அது. அதன் வாசம் என்னை, நான் வளர்ந்த மேரு ஊருக்கு இழுத்தது.

அங்கே அட்டைப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த அம்மாவின் உடுப்பெல்லாம் இதே வாசம்தான். சிறுமியான நான் முதன்முதலாகக் கதை நடத்த உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டுக் குமார், "பொம்பளப் பிள்ளையா மாஸ்டர்? வேணாம் லா" என்றான்.

அம்மா கழிவு அட்டை ஒன்றை மூன்றாக மடித்து என் முன் நிறுத்தினார். "இதுக்குப் பின்னால நீதான் பாஸ். டிராகன் எங்க இருக்குன்னு எனக்குக்கூடச் சொல்லாத" என்றவர், தானும் ஆட உட்கார்ந்தார்.

பாலத்தடியிலிருந்து டிராகன் எழுந்ததும் குமார் துள்ளி எழுந்தான். "அப்புறம்? சீக்கிரம் சொல்லு லா!"

அம்மாவின் முகத்தில் அப்படியொரு பெருமை.

"மகனுக்கா அக்கா?" என்றார் பிரிக்பீல்ட்ஸ் கடைக் கல்லாவில் இருந்தவர்.

"எனக்குத்தான். நான்தான் மாஸ்டர்."