மஞ்சள் நூல் கட்டிய தேர்தல்

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது அத்தை முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைத்தெருவுக்குப் போனால் பெருங்காயம் வாங்க மறக்கக்கூடாதாம், அதற்காக. கூடத்தில் மாமா நிலைக்கண்ணாடி முன் நின்று "மகாஜனங்களே!" என்று தொடங்குவதும், தொண்டையைச் செருமுவதும், மறுபடி "மகாஜனங்களே!" என்பதுமாக இருந்தார். முனிசிபல் தேர்தலுக்கு நின்றிருந்தார் அவர். நான் உப்பிலியபுரத்திலிருந்து உறையூருக்கு, அத்தை வீட்டில் தங்கிப் படிப்பதற்காக வந்தவள். பத்து வயது. படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்தலில் ஆளுக்கொரு நிறம். மறைவான ஓர் அறையில் வர்ணம் பூசிய பெட்டிகளை வைத்திருப்பார்கள். ஓட்டுச் சீட்டைப் பிடித்தமானவரின் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். மாமாவுக்கு மஞ்சள் பெட்டி. எதிர்த்து நின்ற அரிசி மில் முதலாளிக்குப் பச்சை. தெருத் தெருவாகப் பேசி வந்த மாமாவுக்கு ஒரே கவலைதான். தலையை ஆட்டுகிற ஜனங்கள் பெட்டிகளைப் பார்த்ததும் நிறத்தை மறந்துவிட்டால்?

முந்தானை முடிச்சைப் பார்த்ததும் எனக்குள் பட்டென்று ஒரு வெளிச்சம். நூல்! மாமாவிடம் இருப்பது நூல்கடை. ஊர் முழுக்கக் கையில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவிட்டால் யார் மறப்பார்கள்?

"பொண்ணா இது! மந்திரியா வரவேண்டிய மூளை!" என்று மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அத்தை மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் ஒரு கழி வெள்ளை நூலை அடுக்களைக்கு இழுத்து வந்து, அவளுடைய மஞ்சள் பொடியையெல்லாம் கரைத்து அதில் முக்கியிருந்தேன். சாயக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க எனக்கு ஏது பொறுமை?

பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாகப் போய் நானே கட்டினேன். தறியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஓடுகிற நாடாக்கட்டையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்கள். எங்கள் தெருவில் வீட்டைத் தம் பேரில் வைத்து வரி கட்டும் பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கும் ஓட்டு உண்டு. எதிர்வீட்டுப் பெரியம்மா கையை நீட்டியபடியே, "மாமன் செயிச்சா எங்களுக்கு என்னடி செய்வாரு?" என்று கேட்டாள். "தெருவுக்குக் குழாய் வரும்" என்றேன். அத்தை சொல்லிக்கொடுத்த பதில் அது. மாமாவின் பேச்சில் சோழர் காலத்துப் பெருமையெல்லாம் வரும்; குழாய் கடைசியில்தான் வரும். அத்தை பேசினால் குழாயில் தொடங்கிக் குழாயிலேயே முடியும்.

தேர்தல் நாள் விடிந்தது. வண்டிகளுக்கெல்லாம் மஞ்சள் துணி கட்டியாயிற்று. மாமா புதுத் தலைப்பாகையோடு வாசலில் நின்றார். தெருவில் ஓர் ஆள் வெளியே வரவில்லை.

"என்னங்க இது, ஊரே படுத்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை எதிர்வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன். பெரியம்மா தலைவாரிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி, வெளியே போகத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"காப்பு கட்டிட்டு வாய்க்கால் தாண்டலாமா, நீயே சொல்லு."

ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்கள் பக்கத்து அம்மன் எல்லை வாய்க்காலோடு முடிகிறது. திருவிழாவுக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், அது அவிழும் வரை எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வீட்டில் அம்மை போடும். மில் முதலாளியின் ஆள் ஒருவன் முதல்நாள் சாயங்காலம் டீக்கடையில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்: "மஞ்சள்ல முக்கின நூலாச்சே, கட்டினது காப்புதானே?" அவ்வளவுதான். அது தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"அவுத்துப் போடுங்களேன்!" என்றார் எங்கள் பின்னாலேயே வந்துவிட்ட மாமா.

"பாதியில அவுக்கறது அதைவிடப் பாவம்" என்றார் பெரியம்மாவின் தம்பி. "எனக்கொண்ணும் பயமில்லீங்க. பிள்ளைகுட்டி வெச்சிருக்கேன், பாருங்க, அதான்."

போன கோடையில் அம்மை வந்து போன தெரு அது. எந்தெந்த வீட்டில் யார் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்தக் காப்புப் பயம் சிரிப்பாக இருந்தது. பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்து அழுகை வந்தது. மந்திரி மூளை அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அத்தை என்னைத் திட்டவில்லை. பித்தளைக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி, இப்பப் போயி பாத்திரம் தேய்க்கறே?" என்று மாமா கத்தினார்.

"நீங்க போயி பம்பைக்காரரைக் கூட்டிட்டு வாங்க. காப்புக் கட்டினவங்கதான் எல்லையைத் தாண்டக்கூடாது. அம்மன் தாண்டலாமில்ல? அவ போற இடமெல்லாம் எல்லைதான்."

"இதுக்கெல்லாம் முறை இருக்குடி!"

"முறையை நான் பாத்துக்கறேன். நீங்க தலைப்பாகையைப் பாத்துக்குங்க, அவிழுது."

கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் வானம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே எங்கள் அம்மன், அவள் சன்னதியில் குடத்தை வைத்து, வேப்பிலை சொருகி, பூச்சுற்றி, அத்தை அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பம்பை முழங்கியது. அந்தச் சத்தத்துக்கு எந்தக் கதவு சாத்திக் கிடக்கும்? பெரியம்மா முதலில் வந்தாள். அப்புறம் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பாலத்துக்கு வந்தபோது தெரு முழுக்க எங்களுக்குப் பின்னால் இருந்தது. பாலத்தின் நடுவில் அத்தை ஒரு கணம் நின்றாள். எல்லோரும் நின்றார்கள். அவள் காலை எடுத்து வைத்தாள். குலவையொலி வாய்க்காலின் இரு கரையையும் உலுக்கியது. எல்லாரையும் முந்திக்கொண்டு நான் அக்கரைக்கு ஓடினேன்.

பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் தடுத்தார். மில் முதலாளியின் ஆள், டீக்கடையில் கேள்வி கேட்ட அதே ஆள், ஓடி வந்து, "சார், ஊர்வலம் வருது, இது பிரசாரம் சார்!" என்று குதித்தான். கறுப்புக் கோட்டு அதிகாரி வெளியே வந்து குடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அடர்த்தியா வேப்பிலைதான்யா தெரியுது. பச்சை உங்க நிறமில்ல? உங்களுக்கே பிரசாரம் பண்றாங்க, வருத்தப்படறீரே!"

அத்தை குடத்தைப் புங்கமரத்தடியில் இறக்கினாள். "அம்மன் இங்க உக்காந்துட்டா. போய்ப் போட்டுட்டு வாங்க" என்றாள். அப்புறம் உள்ளே நடந்ததைப் பெரியம்மா சொல்லித்தான் கேட்டேன்: யாரோ மஞ்சள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம், வேறு யாரோ அதன்மேல் பூ வைத்துவிட்டார்களாம், அதை எடுப்பதற்கென்றே அதிகாரி ஓர் ஆளைப் போட்டாராம்.

மாமா ஜெயித்தார். கழுத்து கொள்ளாத மாலையோடு ஜட்காவில் வந்தார். அவர் மடியில் நான். உலகத்திலேயே பெரிய மனிதரை உருவாக்கியது என் நூல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் மாமா வருஷக்கணக்காகக் கவுன்சிலர். சாயங்காலம் ஆனால் ஜனங்கள் வருவார்கள். கூடத்தில் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே அடுக்களைக்குப் போய் அத்தையிடம் குறையைச் சொல்வார்கள். அவள் அதை இரவுச் சாப்பாட்டில் மாமாவுக்குப் பரிமாறுவாள். மறுநாள் சபையில் அவர் அதை "மகாஜனங்களே" சேர்த்துப் பேசுவார். பெரிய மனிதர் வீட்டில் அடுக்களை வழியாகத்தான் நடமாட்டம் இருக்கும்போல என்று நான் எண்ணியிருந்தேன்.

குழாய் வந்த நாளும் நினைவிருக்கிறது. மாமா குழாயைத் திறந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை முதல் ஆளாகப் போய்க் குடத்தை வைக்காமல் வெறும் கையை நீட்டி, தண்ணீரை விரல்களில் ஓட விட்டபடி நின்றாள். "அக்கா, தண்ணி வீணாப் போவுது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் நகரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. புடவையைப் பிடித்து இழுத்தேன். வாய்க்கால் தண்ணீரைக் குடித்துப் பேதியில் போன ஒரு குழந்தை அவளுக்கு இருந்ததை அம்மா எனக்குச் சொன்னது எவ்வளவோ பின்னால், நான் காலேஜுக்குப் போன பிறகு.

இப்போது மாமாவுக்கு முழங்கால் வலி. கவுன்சிலர் நாற்காலியில் உட்கார்ந்தது போதும் என்கிறார். அடுத்த தேர்தலுக்கு அத்தை பேரில் மனுக் கொடுத்தாயிற்று. போன வாரம் பரீட்சை முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு உறையூருக்கு வந்துவிட்டேன். உலகச் சண்டையால் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அதனால் கூட்டமெல்லாம் பகலிலேயே. இன்னும் நிறம் கொடுக்கவில்லை. எது வந்தாலும் நூல் மட்டும் கிடையாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

கரகம் தூக்கிப் பாலம் தாண்டிய அத்தைக்கு மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நிலைக்கண்ணாடி முன் நிற்க வைத்துப் பார்த்தேன்; முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்துவிட்டாள். ஆகவே நாளைக் காலை அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போகிறேன். குடங்களோடு தெரு நிற்கும். குழாயைத் திறந்து அவள் கையை நீரில் வைத்துவிட்டு, "அத்தை, இப்பச் சொல்லுங்க" என்று சொல்லப்போகிறேன்.